இலவச மெயில் நமக்குச் சொந்தமில்லை, தோழர்களே!

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தப்போ நாம ஒரு ஆன்லைன் ஷீட் போட்டோமே, ஞாபகம் இருக்கா? யாருக்குப் பால் பவுடர் வேணும், எந்தத் தெருவுல வயசானவங்க மாட்டியிருக்காங்கன்னு பேர், போன் நம்பர், வீட்டு முகவரியோட ராத்திரி பூரா முழிச்சிருந்து நிரப்பினோம்.

ஆறு மாசம் கழிச்சு பழைய சாட்ல அந்த லிங்க் கண்ணுல பட்டுச்சு. தொட்டுப் பார்த்தேன், திறந்துச்சு! லிங்க் கிடைச்ச யார் வேணும்னாலும் பார்க்கலாம்ங்கிற நிலைமையிலேயே கிடந்தது. ஷீட் இருந்தது ஒரு தோழரோட சொந்தக் கணக்குல. அவர் வேலைக்காக வெளிநாடு போயிட்டார். அவரைத் தேடிப் பிடிச்சு அழிக்க வைக்கவே மூணு நாள் ஆச்சு.

தப்பு நம்ம மேலதான், மறுக்கல. ஆனா நம்மை நம்பி மக்கள் கொடுத்த விவரத்துக்கு யார் பொறுப்புன்னு அன்னைக்கு நம்மால பதில் சொல்ல முடியல. அதைத்தான் இங்கே பேச வந்தேன்.

இலவசக் கணக்குல நாம வெறும் குடித்தனக்காரர். விதியை வீட்டுக்காரர் எப்ப வேணும்னாலும் மாத்தலாம். கூகுள் போட்டோஸ்ல அளவில்லாம படம் வைக்கலாம்னு இருந்த சலுகை 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சது. இரண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்குகளை அழிப்போம்னு 2023 மே மாசம் அறிவிப்பு வந்தது. இதெல்லாம் நம்மைக் கேட்டா நடந்தது?

"அப்போ உள்நாட்டுக் கம்பெனிக்கு மாறிடலாமே" என்பீர்கள். மாறலாம். ஆனா வீட்டுக்காரர்தான் மாறுவார், நாம அப்பவும் குடித்தனம்தான்.

வேற வழி இருக்கு. நம்ம ஊர் பால் சங்கம் மாதிரி, பயன்படுத்துறவங்களே சேர்ந்து நடத்துற சேவைகள் உலகத்துல பல வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு.

பிரான்ஸ்ல ஃபிராமாசாஃப்ட்னு ஒரு லாப நோக்கமில்லாத சங்கம். விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள், நிறைய தன்னார்வலர்கள், மக்கள் தர்ற நன்கொடை. 2014-ல ஆரம்பிச்சு ஆவணம் எழுத, நாள்காட்டி வைக்க, கோப்பு பகிரன்னு முப்பதுக்கும் மேற்பட்ட சேவைகளைக் கொடுத்தாங்க. கூட்டம் குவிஞ்சது. 2019-ல என்ன சொன்னாங்க தெரியுமா? "நாங்களே இன்னொரு பெரிய மையமா ஆகக் கூடாது"ன்னு பல சேவைகளைப் படிப்படியா மூடப்போறதா அறிவிச்சாங்க. 2016-லயே அவங்க தொடங்கி வைச்ச 'ஷாத்தோன்' கூட்டமைப்புல இருக்கிற சின்னச் சின்ன அமைப்புகளுக்கு மக்களை அனுப்பினாங்க. பிரெஞ்சுல அதுக்குப் பூனைக்குட்டிகள்னு அர்த்தம்! கட்டற்ற மென்பொருள்தான் பயன்படுத்தணும், பயனரை வேவு பார்த்து விளம்பரம் காட்டக் கூடாதுன்னு அந்தக் கூட்டமைப்புக்கு ஒரு சாசனமே இருக்கு.

மெயிலுக்கு ஒரு உதாரணம், அமெரிக்காவின் சியாட்டில்ல 1999-ல சமூகச் செயற்பாட்டாளர்கள் தொடங்கின ரைஸ்அப். இதுவும் நன்கொடையிலதான் ஓடுது. ஆனா சமூகச் சேவைன்னா சட்டம் தொடாதுன்னு நினைச்சிடாதீங்க. எஃப்.பி.ஐ. கொண்டுவந்த இரண்டு ரகசிய வாரண்டுகளுக்கு இணங்க வேண்டியதாயிடுச்சுன்னு 2017-ல அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. அதோட நிக்கல. அதுக்கப்புறம் புதுக் கணக்குகளோட மெயிலைத் தாங்களே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிற முறையைக் கொண்டுவந்தாங்க. சிக்கல் வந்தா பயனர்கிட்ட கணக்கு ஒப்பிக்கிறதுன்னா இதுதான்.

இன்னொரு நல்ல விஷயம்: மெயில் யாரோட தனிச்சொத்தும் இல்லை. 1982-லயே வகுத்த பொது விதிமுறைதான் இன்னைக்கும் அடிப்படை. அதனால எந்த சர்வர்ல இருந்தும் எந்த சர்வருக்கும் அனுப்பலாம். நமக்குன்னு சொந்த டொமைன் இருந்தா, நம்பர் மாறாம சிம் கம்பெனி மாத்துற மாதிரி, முகவரி மாறாமலே சேவையை மாத்திக்கலாம்.

கஷ்டமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். சின்ன சர்வர்ல இருந்து போற மெயிலைப் பெரிய கம்பெனிகள் ஸ்பாம்ல தள்ளுறது உண்டு. ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா பேக்கப் நாமதான் வைச்சிருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா யாராவது எழுந்திரிக்கணும். அந்த உழைப்புக்குச் சந்தா கட்டணும்.

அதனால ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தச் சொல்லல. மூணே மூணு வேலை செய்வோம்.

👉 மக்கள் விவரம் இருக்கிற ஒவ்வொரு ஷீட்டுக்கும் இரண்டு பொறுப்பாளர், அழிக்க ஒரு தேதி. இன்னைக்கே!

👉 மாவட்டத்துக்கு ஒரு சர்வர்ல நெக்ஸ்ட்கிளவுட் நிறுவுவோம். கட்டற்ற மென்பொருள், லைசென்ஸ் காசு கிடையாது. முதல்ல கோப்புகள் மட்டும், பேக்கப் இன்னொரு இடத்துல.

👉 மெயில் சர்வரை நாமே நடத்த அவசரப்பட வேண்டாம். முதல்ல சொந்த டொமைன் வாங்குவோம். அதை ஏற்கெனவே நல்லா நடக்கிற ஒரு சேவையோட இணைப்போம்.

சர்வரை மாத்தினா மட்டும் பொறுப்பு வந்துடாது, தோழர்களே. ஆனா நமக்கே சொந்தம்னு ஆனப்புறம், "அது யாரோட கணக்கோ"ன்னு நழுவ முடியாது. வெள்ளத்துல கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு நமக்கு நம்பர் கொடுத்த அந்த அம்மாவுக்கு நாம செய்ய வேண்டிய மரியாதை அது.

உங்க மாவட்டத்துல சர்வர் வேலை தெரிஞ்சவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. பேசுவோம், பகிருங்கள்!

#நம்தரவு_நம்பொறுப்பு