புட்டி மாறினால் போதுமா?

களையை ஒழிப்பது தோட்ட வேலைகளில் ஒன்று. அது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நிரையிலே காடு மண்டிக் கிடந்தால் பால்மரம் வெட்டுகிறவர் மரத்தை அண்ட முடியாது. செம்பனையடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கவும் முடியாது. ஆனால், புல் சாகவேண்டும் என்பதற்காகத் தொழிலாளியின் உடல் கெடவேண்டுமா? இதுவே நம் கேள்வி.

கோலசிலாங்கூர் முதல் சுங்கை பஞ்சாங் வரையுள்ள தோட்டங்களுக்கு இது புதுக் கேள்வியல்ல. முன்னாளில் ரப்பர்க் காடுகளில் அடிக்கப்பட்டது ஆர்செனிக் கலந்த சோடியம் ஆர்செனைட் என்னும் கொடு நஞ்சு. மருந்தடித்த புல்லைத் தின்ற மாடுகள் மாண்டதைப் பழைய தலைமுறை அறியும். 1960-களில் அதன் இடத்துக்குப் பாராகுவாட் வந்தது. ஆர்செனிக்கைவிட நல்லது என்றார்கள். காலையில் அடித்தால் மறுநாள் இலை கருகும். மண்ணில் பட்டால் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும். பழுப்பேறிய மரப்பட்டையைத் தொடாது. துரைமாருக்கு வேறென்ன வேண்டும்?

மரப்பட்டையைத் தொடாத மருந்து மனிதத் தோலை விடவில்லை. பம்பு ஒழுகி முதுகு புண்ணாயிற்று, நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது. தவறி ஒரு வாய் விழுங்கினால் நுரையீரல் கெட்டு உயிர் போகும். அதற்கு முறிவு மருந்து இன்றுவரை இல்லை. மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் நம் தமிழ்ப் பெண்கள் ஏராளம். 2002-இல் தெனாகனித்தா அமைப்பு அவர்களின் துன்பத்தை ஆராய்ந்து நூலாக்கிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006-இல் அந்த முடிவு தளர்ந்தது. முழுத்தடை 2020 ஜனவரி 1-ஆம் நாள்தான் வந்தது. சுவீடன் 1983-லேயே அதைத் தடுத்துவிட்டது. அந்த நாட்டுத் தொழிலாளியின் தோலுக்கும் நம் தோலுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டு வித்தியாசம்!

தடை வந்தது, மகிழ்ந்தோம். ஆனால் அத்துடன் கதை முடிந்ததா? பாராகுவாட் போன இடத்தில் குளுபோசினேட் முதலிய வேறு மருந்துகள் வந்து அமர்ந்துவிட்டன. பாராகுவாட் அளவுக்கு அது உடனே கொல்வதில்லை என்பது உண்மை. ஆயினும் கருவுக்கும் மகப்பேற்றுக்கும் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியது. அங்கே அதன் அனுமதி 2018-இல் முடிந்தது. புட்டியின் பெயர் மாறியது. பம்பு சுமக்கும் தோள் மாறவில்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்த மருந்துகளைப் பட்ட இடத்தைச் சுடும் மருந்துகள் எனலாம். எந்தப் பச்சையில் படுகிறதோ அதைத்தான் கருக்கும். விதையிலிருந்து முளைத்த இளங்களைகள், குறிப்பாக அகன்ற இலைக் களைகள், இதில் மடியும். ஆனால் லாலாங் புல்லின் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாயிருக்கும். மேலே கருகிய சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கும். மிக்கானியா கொடியின் கணு ஒன்று தப்பினாலும் அது வேர்விட்டுப் படரும். மறுபடியும் ஒரு சுற்று, அதற்குப் பின் இன்னொரு சுற்று. களை ஒவ்வொரு சுற்றிலும் பிழைத்துக்கொள்கிறது. நஞ்சோ ஒவ்வொரு சுற்றிலும் அதே தொழிலாளி மேல் படுகிறது. ஆகவே எந்தப் புட்டி என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை சுற்று என்றும் கேட்கவேண்டும்.

சுற்றைக் குறைக்க வழியில்லையா? உண்டு. தரையெல்லாம் மொட்டையாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. செம்பனையடி வட்டமும் நடைபாதையும், ரப்பரில் வெட்டு நிரையும் சுத்தமாயிருந்தால் போதும். இடைவெளியில் மென்மையான புல் இருந்தால் மழையில் மண் கரையாது. இளங்கன்றுக் காட்டில் பியூராரியா போன்ற பயற்றுக் கொடிகளைப் படரவிட்டால் அவை களையை அமுக்கும்; மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். 1925-இல் ஏற்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இந்த மூடுபயிரை வெகு காலமாகவே வலியுறுத்தி வந்தது. முதிர்ந்த செம்பனைக் காட்டில் மாடு மேய்த்துக் களையைக் குறைக்கும் தோட்டங்களும் இந்நாட்டில் உண்டு. வழி தெரியாமல் அல்ல, மருந்து மலிவு என்பதால்தான் பம்பு முதுகில் ஏறுகிறது. தொழிலாளியின் வைத்தியச் செலவையும் கணக்கில் எழுதினால் அந்த மலிவு எங்கே நிற்கும்?

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்குப் பொறுப்பைச் சுமத்துகிறது. இரசாயனங்களால் வரும் ஆபத்தை மதிப்பிட்டுத் தொழிலாளிக்கு விளக்க வேண்டுமென்று 2000-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை. சட்டத்தில் உள்ளதையே கேட்கிறோம். அதற்கு மேல் நம் கோரிக்கைகள் இவை: ஒழுகும் பம்பு காட்டுக்குப் போகக் கூடாது. கையுறையும் காலணியும் இலவசமாகக் கிடைக்கவேண்டும். வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் சோப்பும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சம்பளம் குறையாமல் வேறு வேலை தரவேண்டும். வயலுக்கும் குடியிருப்புக்கும் நீர் போகும் வாய்க்காலில் பம்பு கழுவக் கூடாது.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டோர் சாவி உங்களிடம் இருக்கிறது. செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. புட்டியில் எழுதியிருப்பதைப் பிரட்டுக்களத்தில் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். மருந்தடித்தவர் யார், எந்த மருந்து, எத்தனை நாள் என்று எழுதி வையுங்கள். நாளை ஒருவருக்கு நோய் வந்தால் அந்தப் பக்கமே அவருக்குச் சாட்சி. இன்று பம்பு சுமப்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கலாம். நேற்று சுமந்தவர் நம் தாய். துன்பம் ஒன்றே; அவருக்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமையே.

களை அழியட்டும். அதை அழிக்கும் கைகள் வாழட்டும்!