மாண்டவியில் மிதக்கும் கொள்ளை

முதன்முறையாகக் கோவாவுக்குச் சூதாடப் புறப்படும் இளைஞன் கணக்குப் பார்க்காமல் புறப்படுவதில்லை. எந்தக் கப்பலில் நுழைவுக் கட்டணம் குறைவு, எதில் விருந்தும் மதுவும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம், எந்தப் போக்கர் அறையில் சிறு தொகையோடு உட்கார இடம் கிடைக்கும், எங்கே தேர்ந்த ஆட்டக்காரர்களின் தொல்லை குறைவு என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறான். பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ மாதச் சம்பளம் வாங்குபவன் அவன். கைப்பேசி வாங்குவதற்கு நான்கு கடை ஏறி இறங்கும் அதே கவனம் இதிலும் உண்டு. அவனுடைய ஒப்பீட்டில் பெரும்பாலும் கடைசியாக வருவது, சில வேளைகளில் வராமலே போவது, ஒவ்வோர் ஆட்டத்திலும் கப்பல் முதலாளி உருவிக்கொள்ளும் பங்கு.

போக்கர் மற்றச் சூதாட்டங்களைப் போன்றதன்று என்பதுதான் தூண்டில். ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள் இருக்கின்றன. சரியான எண்ணில் கட்டியவனுக்குக் கிடைக்கும் ஆதாயமோ 35 மடங்குதான். அந்த இடைவெளியில் முதலாளி பிழைக்கிறார் என்பது யாருக்கும் விளங்கும். போக்கரில் கையில் இரண்டு சீட்டு, மேசைமேல் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. எதிரே இருப்பவர்களும் தன்னைப் போன்றவர்களே. முதலாளி ஆட்டத்திலேயே இல்லை. ஆகவே திறமைசாலி வெல்வான் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அது முழுப் பொய்யும் அன்று. நிகழ்தகவு அறிந்தவன், அடுத்தவரின் போக்கைப் படிக்கத் தெரிந்தவன், தெரியாதவனிடமிருந்து நாளடைவில் பணம் பறிக்கவே செய்வான். முதல் பயணம் வந்தவன் இந்த இருவரில் எவன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இருவருமே தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மேசையில் ஒன்பது பேர், ஆளுக்கு 10,000 ரூபாய். மேசையில் மொத்தம் 90,000 ரூபாய். ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் பந்தயத் தொகையில் 5 சதவீதம் 'ரேக்' என்ற பெயரில் முதலாளிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். சராசரிப் பந்தயத் தொகை 2,000 ரூபாய் என்றால் ஆட்டத்துக்கு 100 ரூபாய். மணிக்கு 25 ஆட்டம் என்றால் 2,500 ரூபாய். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் காலை ஆறு மணிக்கு எழும்போது 20,000 ரூபாய் மேசையை விட்டே போயிருக்கும். ஒன்பது பேரும் சமமான மேதைகளாக இருந்தாலும், ஒருவர்கூட ஜெயித்து எழுந்திருக்க மாட்டார். ஆளுக்கு 2,222 ரூபாய் இழந்திருப்பார்கள். ஒரு சீட்டையும் தொடாதவர், ஒரு ரூபாயையும் பணயம் வைக்காதவர் ஒருவர்தான் வென்றவர். நிலத்தை உழாமல் குத்தகை வாங்கிய வர்க்கத்துக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. களம் மட்டும் இப்போது தண்ணீரில் மிதக்கிறது.

'போக்கர் திறமை விளையாட்டு' என்று வழக்கறிஞர் படையோடு வாதாடும் நிறுவனங்கள், ரம்மி குறித்து 1967இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை மறக்காமல் மேற்கோள் காட்டும். செகந்திராபாத் மன்றம் ஒன்று தொடர்பான அந்த வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று நீதிமன்றம் கூறியது உண்மை. சீட்டு வாங்கும் செலவுக்காகவும் வசதிகளுக்காகவும் மன்றம் வாங்கிய சிறு கட்டணத்தையும் அது குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளரோ மன்றமோ இலாபம் ஈட்டினால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. முதல் பாதியை உரக்கப் படிப்பவர்கள் இரண்டாம் பாதிக்கு வரும்போது தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் இருந்த ரம்மியும் போக்கரும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுபட்டதும் இந்தத் 'திறமை' வாதத்தினால்தான். ஆடுபவனுக்குத் திறமை உண்டா என்று அறுபது ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. மேசை போட்டவருக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியல்லவா முதலில் எழ வேண்டும்?

கோவாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் சட்டமே வழிவிட்டது. 1976ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டத்தை 1992இல் திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்தார்கள். 1996இல் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்குக் கதவு திறந்தார்கள். காங்கிரஸ் ஆட்சியில் உரிமங்கள் பெருகின. எதிர்க்கட்சியாக இருந்தபோது மனோகர் பாரிக்கர் தலைமையில் கேசினோ எதிர்ப்பு முழங்கிய பாஜக, 2012இல் ஆட்சிக்கு வந்தபின் அதே கப்பல்கள் மாண்டவி ஆற்றில் நங்கூரமிட்டிருக்க மீண்டும் மீண்டும் காலநீட்டிப்பு வழங்கியது. ஆறு கப்பல்கள் பனாஜி நகரத்தின் முகப்பிலேயே விளக்கெரித்து நிற்கின்றன. பக்கத்து மகாராஷ்டிரமும் 1976இலேயே கேசினோ சட்டம் இயற்றிய மாநிலந்தான். ஆனால் அச்சட்டத்தை ஒருநாளும் நடைமுறைப்படுத்தாமல் வைத்திருந்து 2023இல் ரத்து செய்துவிட்டது.

இதனினும் வெட்கமற்றது 2020 பிப்ரவரி 1 முதல் கோவா அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. கோவா மக்கள் கேசினோவுக்குள் சூதாட நுழையக் கூடாது! உள்ளூர்க் குடும்பங்கள் சீரழியக் கூடாது என்ற அக்கறையாம். அக்கறை நல்லதே. அப்படியானால் அந்த மேசை குடும்பங்களைச் சீரழிக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகிறது. ஒப்புக்கொண்ட பிறகு அதே மேசைக்குக் கர்நாடகத்தின், குஜராத்தின், தமிழ்நாட்டின் பிள்ளைகளைச் சுற்றுலா என்ற பெயரில் வரவேற்கும் அரசை என்னவென்று அழைப்பது? நஞ்சு என்று தெரிந்தே தன் வீட்டாருக்குத் தடுத்துவிட்டு, வாசலில் கடைபோட்டு விருந்தாளிக்கு விற்கும் வியாபாரம் இது.

ஒன்றிய அரசின் கபடம் இதற்குக் குறைந்ததன்று. 2025 ஆகஸ்டில் இணையப் பணவிளையாட்டுகளை நாடாளுமன்றம் இரண்டே நாட்களில் தடை செய்து முடித்தது. கைப்பேசியில் போக்கர் நடத்துபவருக்கு இப்போது மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். தடை வேண்டியதே. ஆனால் அதே சீட்டை அதே பணத்துக்கு ஆற்றின்மேல் ஆடினால் அது பொழுதுபோக்கு! சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லப்படுகிறது. இணையத்துக்கு அந்தப் பட்டியல் குறுக்கே நிற்கவில்லை. கோவாவிலோ இரு அரசுகளும் ஒரே கட்சியின் கையில் இருக்கின்றன.

குறுக்கே நிற்பது வேறொன்று. தடைச் சட்டம் வந்த அடுத்த மாதமே, 2025 செப்டம்பர் 22 முதல், கேசினோக்களின் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. இது முதலாளியின் இலாபத்தின் மீதான வரியன்று; ஆட்டக்காரன் வாங்கும் சில்லுகளின் மீதான வரி. 10,000 ரூபாய்ச் சில்லுக்கு 4,000 ரூபாய். ஒன்றியத்துக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. அதைக் கப்பல்காரர் சுமக்கிறாரா ஆட்டக்காரன் தலையில் கட்டுகிறாரா என்பது சந்தையின் பேரம். மேலே கணக்கிட்ட அந்த ஒன்பது பேரின் மேசையில் விடியும்வரை முதலாளிக்குச் சேர்ந்தது 20,000 ரூபாய். முதல் சீட்டு விழுவதற்கு முன்பே அரசுகளுக்குச் சேர்ந்தது 36,000 ரூபாய். பாவத்துக்குத் தண்டவரி என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள். பாவம் நின்றுபோனால் வரியும் நின்றுபோகும் என்பதை நிதியமைச்சகம் அறியாததன்று.

வேலைவாய்ப்பு என்பது கடைசிக் கேடயம். கோவாவின் இளைஞர்களுக்கு அந்தக் கப்பல்களில் ஆடத்தான் தடை. விடிய விடிய நின்று சீட்டுப் பகிர்ந்து போடத் தடையில்லை. கொரோனாப் பொதுமுடக்கத்தில் கேசினோக்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது அந்த வேலைவாய்ப்பின் உறுதி எத்தகையது என்பதை அவர்கள் கண்டார்கள். மீனவரும் படகோட்டியும் பிழைத்த ஆற்றின் கரையில், மாலை ஆனதும் சுற்றுலாப் பயணிகளைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் படகுகள் வரிசையில் நிற்கின்றன. ஏறும் இடத்தில் அடையாள அட்டை பார்க்கிறார்கள். கோவா முகவரி இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. வேறெந்த மாநிலத்து முகவரியாயினும், வயது 21 நிறைந்திருந்தால் போதும்.