கெட்டது ஹெட்போன் இல்லை!

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிக் கிரிவலக் கூட்டம் நகர்ந்துகொண்டிருக்கிறது. மொத்தம் 14 கிலோமீட்டர் நடை. ஒயர் இல்லாத ஹெட்போனைக் காதில் மாட்டி, பாட்டைப் போட்டுவிட்டு நடக்கிறான் ஒரு கல்லூரி மாணவன். கொஞ்ச தூரத்தில் பாட்டு விக்க ஆரம்பிக்கிறது. வலது காதில் வருகிறது, இடது காதில் இல்லை. அப்புறம் இரண்டிலுமே இல்லை. மறுநாள் கடைக்குக் கொண்டுபோனால், வாங்கிப் பார்க்காமலே தீர்ப்பு வருகிறது: "செட்டு போயிடுச்சு தம்பி, புதுசு எடுத்துக்கோ."

ரமணர் மௌனத்தாலேயே உபதேசம் செய்தார் என்பார்கள். ஆயிரம் ரூபாய் ஹெட்போனின் மௌனத்தை அப்படி ஏற்றுக்கொள்ள முடியுமா? பல நேரங்களில் அந்தச் செட்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. கெட்டது ஹெட்போன் இல்லை. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தராமல் விற்கிற பழக்கம்தான் கெட்டது.

கூட்டத்தில் ஏன் விக்குகிறது?

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில். வை-ஃபையும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. அதனால் ப்ளூடூத் ஒரே சேனலில் நிற்காமல், 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1600 முறை வரை தாவும். ஆனால் தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்! ரூமுக்குள் என்றால் அலை சுவரில் பட்டுத் திரும்பி எப்படியாவது காதைச் சேரும். மலையடிவாரத்துத் திறந்த சாலையில் சுவர் ஏது? பேன்ட் பின்பாக்கெட்டில் இருக்கும் செல்போனைச் சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றினாலே பாதி விக்கல் நிற்கும். இதற்கா புது செட்டு?

'பேர்' ஆகவில்லை என்றால்?

முதல்முறை 'பேரிங்' நடக்கும்போது செல்போனும் ஹெட்போனும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை இரண்டு சாவியும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். ஹெட்போனை ரீசெட் செய்தாலோ, அது வேறு பல கருவிகளோடு சேர்ந்து பழைய சாவியை மறந்துவிட்டாலோ, செல்போன் மட்டும் பழசையே நீட்டிக்கொண்டிருக்கும். கதவு திறக்காது.

வழி எளிது. செல்போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுக்க வேண்டும். ஹெட்போனையும் ரீசெட் செய்ய வேண்டும் (பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும்). பிறகு புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் வேலைக்கு ஆகாது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

அதற்கும் முன்னால், பக்கத்தில் இருக்கும் லேப்டாப் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் வேலை செய்யவில்லை என்றால், சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளை உலர்ந்த பஞ்சால் துடைக்க வேண்டும். அழுக்கு படிந்தால் அந்தப் பக்கம் சார்ஜே ஏறியிருக்காது. ஆன்லைன் வகுப்பில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறதா? அதுவும் கோளாறு இல்லை. மைக் ஓடும்போது பல செட்டுகளில் ப்ளூடூத் பாட்டுக்கான முறையை விட்டு, தரம் குறைந்த போன்கால் முறைக்கு மாறிவிடும்.

இவ்வளவுதான் விஷயம். இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து டப்பாவுக்குள் வைக்க என்ன செலவாகும்? பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாத ஆங்கிலத் துண்டுச்சீட்டுதானே இருக்கிறது!

யார் கேட்டார்கள்?

ஒயர் இருந்த காலத்தில் பேரிங்கும் இல்லை, ஃபர்கெட்டும் இல்லை. சொருகினால் பாட்டு. 2016 செப்டம்பரில் ஐஃபோன் 7-ல் ஆப்பிள் அந்தத் துளையை எடுத்தது. அதைத் 'துணிச்சல்' என்றார் அதன் அதிகாரி பில் ஷில்லர். அதே மேடையில் ஒயரில்லாத ஏர்பாட்ஸையும் அறிமுகம் செய்தார்கள். துளையை அடைத்த கையாலேயே மருந்தையும் விற்பதற்குப் பெயர் துணிச்சலா, வியாபாரமா? 2019-ல் நோட் 10-ல் சாம்சங்கும் அதே வழியில் போனது.

துளையோடு ரேடியோவும் போனது. செல்போன் எஃப்.எம்.முக்கு ஹெட்போன் ஒயர்தான் ஆன்டெனா. எல்லா போனிலும் எஃப்.எம். இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது.

ஒயர் சிக்கிக்கொள்ளும், அறுந்துபோகும், உண்மைதான். ஓடுகிறவர்களுக்கும் வண்டியில் கூட்டத்தில் போகிறவர்களுக்கும் ஒயரில்லாதது வசதி என்பதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அறுந்த ஒயரை சால்டரிங் வைத்து ஒட்டித்தர ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள். காதுக்குள் போகும் இந்தக் குட்டி செட்டுகளில் பலவற்றைத் திறக்கவே முடியாது, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சில வருடங்களில் தளர்ந்தால் மொத்தமும் குப்பை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் போட்ட சட்டம், சில விலக்குகள் தவிர, சிறிய பேட்டரிகளை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்கிறது. அதற்கு 2027 பிப்ரவரி 18 என்று நாளும் குறித்தது. இங்கே 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தார்கள். தகவல் தரலாம், ஆனால் ஒட்டிய பசையை இணையதளம் பிரிக்குமா? அதற்குச் சட்டம் வேண்டும்.

அதுவரை வாங்குகிறவர் கையில் இருப்பது கேள்வி ஒன்றுதான். "எவ்வளவு நேரம் பாடும்?" என்று மட்டும் கேட்காமல், "ரீசெட் எப்படி? பேட்டரி மாற்ற முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் காசை எடுக்கட்டும். பதில் தெரியாத கடையில் எதற்கு வாங்க வேண்டும்?