பொம்மை சுவரில் முட்டினால் யார் குற்றம்?

ஏ.ஐ. ஏஜெண்ட்டை வைத்து மானிட்டரில் ஒரு கேரக்டரை நடக்க வைப்பது இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்யக் கூடிய வேலையாகிவிட்டது. பூனை, ரோபோ, மந்திரவாதி என எதையாவது வரைந்து, அதனை இயக்கும் பொறுப்பை ஏ.ஐ.யிடம் ஒப்படைத்துவிடலாம். ஆனால் இதில் இறங்கிய பலர் நான்கே நாட்களில், "இந்த ஏ.ஐ.க்கு மூளையே இல்லை சார், சுவரில் முட்டிக் கொண்டே நிற்கிறது" என்று அலுத்துக் கொள்கிறார்கள். நான் பார்த்த வரையில், பெரும்பாலும் குற்றம் ஏ.ஐ. மீது இல்லை. நாம் எழுதித் தரும் டூல் விளக்கத்தில்தான் இருக்கிறது.

ஏ.ஐ. நேரடியாகப் பொம்மையைத் தொடுவதில்லை. நம் புரோகிராமில் உள்ள பங்ஷன்களின் பெயர், அவற்றைப் பற்றிய விளக்கம், தர வேண்டிய மதிப்புகள் ஆகியவற்றை டெக்ஸ்ட்டாக அனுப்புகிறோம். அதனைப் படித்து, "இந்த டூலை இந்த மதிப்புடன் இயக்கு" என்று அது பதில் தரும். இயக்குவது நம் புரோகிராம். 2023 ஜூனில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் தன் ஏ.பி.ஐ.யில் பங்ஷன் காலிங் வசதியைத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது முறையை வெளியிட்டது. எதனைப் பயன்படுத்தினாலும் விளக்கம் எழுதும் வேலை நம் தலையில்தான்.

கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் காட்டிய கேமில் விளக்கம் இவ்வளவுதான் இருந்தது: "மூவ் – கேரக்டரை நகர்த்தும். எக்ஸ், ஒய் தரவும்." படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது, இல்லையா? எக்ஸ் 100, ஒய் 50 என்று தந்து பாருங்கள். அந்த இடத்திற்குப் போக வேண்டுமா, நிற்கும் இடத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டுமா? பிக்ஸல் கணக்கா, கட்டக் கணக்கா? ஒய் கூடினால் மேலே போகுமா, கீழே போகுமா?

கடைசிக் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்டதல்ல. பிள்ளைகள் பழகும் ஸ்கிராட்ச் புரோகிராமில் 480க்கு 360 அளவுள்ள மேடையின் நடுப்புள்ளிதான் பூஜ்யம். ஒய் கூடினால் பூனை மேலே போகும். பைகேமில் இடது மேல் மூலை பூஜ்யம். ஒய் கூடினால் கீழே இறங்கும். மைன்கிராப்டில் ஒய் என்பதே உயரம். தரையில் நடக்க எக்ஸும் இசட்டும் வேண்டும். திசையும் அப்படித்தான். ஸ்கிராட்சில் 0 என்றால் மேலே, 90 என்றால் வலது. பள்ளிக் கணக்கில் 0 வலது, 90 மேலே. ஏ.ஐ. இவை எல்லாவற்றையும் படித்திருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் ஏதோ ஒன்றை எடுத்துக் கொள்ளும். அதன் பிறகு முட்டல்தான்.

அதே டூலை நான் இப்படி எழுதுவேன்: "கேரக்டரை நிற்கும் இடத்திலிருந்து நகர்த்தும். எக்ஸ், ஒய் இரண்டும் கட்டக் கணக்கில். ஒய் கூடினால் திரையில் கீழே போகும். சுவர் குறுக்கிட்டால் அதற்கு முந்தைய கட்டத்தில் நின்றுவிடும். நடந்து முடிந்த பிறகே, நின்ற இடத்தை விடையாகத் தரும். கதவைத் திறக்க இதனைப் பயன்படுத்தக் கூடாது; அதற்குத் தனி டூல் உண்டு."

"நடந்து முடிந்த பிறகே" என்ற சொற்களைக் கவனியுங்கள். 1997ல் வந்த மைக்ரோசாப்ட் ஏஜெண்ட் நினைவிருக்கிறதா? மெர்லின் என்ற தாடிக்கார மந்திரவாதி திரையில் பறந்து வந்து பேசுவாரே, அதுதான். (விண்டோஸ் 7 வந்த 2009ல் அவருக்கு விடை கொடுத்துவிட்டார்கள்.) அவருக்குத் தரும் கட்டளைகள் வரிசையில் நிற்கும், மெர்லின் நகர்ந்து முடிக்கும் முன்பே புரோகிராம் அடுத்த வரிக்குப் போய்விடும். ஏ.ஐ.க்கும் இதே தொல்லை உண்டு. பொம்மை பாதி வழியில் இருக்கும்போதே டூல் "சரி" என்று விடை தந்தால், போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பி இல்லாத கதவைத் திறக்கப் பார்க்கும். தோல்வியிலும் வெறும் "எரர்" என்று தந்தால் என்ன பயன்? "கிழக்கில் சுவர் உள்ளது" என்று தந்தால் வேறு வழி தேடும்.

"புதிய மாடல்கள் திரையின் படத்தைப் பார்த்துத் தாமே புரிந்து கொள்ளுமே" என்று சிலர் வாதிடுகிறார்கள். புரிந்து கொள்ளும்தான், நாலைந்து முறை முட்டிய பிறகு! ஒவ்வொரு முட்டலும் ஓர் அழைப்பு. ஒவ்வொரு அழைப்புக்கும் டோக்கன் கணக்கில் காசு. கிரெடிட் கார்டைத் தந்துவிட்டு இரவு முழுக்க பொம்மையை ஓடவிட்டுத் தூங்குபவர்கள் இதனை யோசிக்க வேண்டும். டூல் விளக்கமும் ஒவ்வொரு அழைப்போடும் போகிறது என்பதால் கதை அளக்கவும் கூடாது. "வாக்", "மூவ்", "கோ டு" என ஒரே வேலைக்கு மூன்று டூல் வைத்திருந்தால் இரண்டை நீக்கிவிடுங்கள்.

விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். டூலின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழுக்குப் பொதுவாக டோக்கன் கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் அரைகுறை ஆங்கிலத்தில் குழப்பி எழுதுவதைவிட, அந்தச் செலவு மேல் என்பது என் கருத்து.

எழுதியது சரியா என்று பார்க்க ஏ.ஐ.யே தேவையில்லை. வீட்டில் ஒருவரை மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார வையுங்கள். கையில் டூல் விளக்கத்தின் பிரிண்ட் அவுட்டை மட்டும் கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் பொம்மையை நகர்த்தி, டூல் தரும் விடையை மட்டும் படித்துக் காட்டுங்கள். இடையில் அவர் உங்களிடம் என்னென்ன சந்தேகம் கேட்கிறாரோ, அவற்றுக்கான பதில்களை அப்படியே விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.