வேகம் ஏற மறுக்கும் கணிப்பொறி

மேசைக் கணிப்பொறியை, அது விற்கப்பட்ட வேகத்திற்கு மேலே ஓட்டிப் பார்க்கும் ஆசை மாணவர்கள் பலருக்கு உண்டு. இதனை ஓவர்கிளாக் செய்தல் என்பார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் வேகம் ஏறவில்லை என்றதும், பெரிய கூலரும் புதிய பவர் சப்ளையும் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம் பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வேளைகளில் அந்தக் கணிப்பொறியில் பழுதே இருப்பதில்லை. அது மறுக்கும் காரணம் இயற்பியலில் இருக்கலாம். விற்பனைக் கணக்கிலும் இருக்கலாம். எது என்று பாராமல் பணத்தைக் கொட்டுவது நோயை அறியாமல் மருந்து கொடுப்பதுதான்.

செயலியின் வேகம் எப்படி அமைகிறது? இன்றைய கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் அடிப்படைத் துடிப்பு வினாடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகா ஹெர்ட்ஸ். செயலி இதனை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கெண் 36 என்றால் வேகம் 3.6 கிகா ஹெர்ட்ஸ். ஆகவே வேகத்தை ஏற்ற இரண்டே வழிகள்: துடிப்பைக் கூட்டலாம், அல்லது பெருக்கெண்ணைக் கூட்டலாம்.

1998-இல் வந்த இண்டெல் செலரான் 300ஏ என்ற செயலியின் பெருக்கெண் 4.5, அதை மாற்ற இயலாது. ஆனால் அடிப்படைத் துடிப்பை 66-இலிருந்து 100 மெகா ஹெர்ட்ஸாக உயர்த்தியபோது, 300 மெகா ஹெர்ட்ஸ் செயலி 450-இல் ஓடியது. ஒன்றரை மடங்கு! அந்தக் கதை இன்றும் பேசப்படுகிறது. அதைக் கேட்டவர்கள் தம் கணிப்பொறியிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள். 2011-இல் நிலைமை மாறிவிட்டது. அந்த ஆண்டின் இண்டெல் செயலிகளில் அடிப்படைத் துடிப்பு மற்ற பாகங்களோடும் பிணைக்கப்பட்டிருந்ததால், அதைச் சில விழுக்காடு கூட்டினாலே தொல்லைதான். மிஞ்சியது பெருக்கெண். அதுவும் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்து உள்ளவற்றில்தான் முழுமையாகத் திறந்துவிடப்பட்டிருந்தது. ஐ5-2500, ஐ5-2500கே இரண்டும் 3.3 கிகா ஹெர்ட்ஸ் என்றே விற்கப்பட்டன. பின்னதே ஓவர்கிளாக் செய்வோர் தேடியது. அதனை எச்67 வகைத் தாய்ப்பலகையில் பொருத்தினாலும் பயனில்லை. பி67 போன்ற பலகை வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனம் 2017-இல் வெளியிட்ட முதல் ரைசன் மேசைக் கணிப்பொறிச் செயலிகளில் பெருக்கெண்ணைத் திறந்தே வைத்தது; ஆனால் ஏ320 பலகை அதற்கு இடம் கொடுக்காது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது செயலியின் முழுப் பெயரையும் தாய்ப்பலகையின் பெயரையும். இதற்குத் திருப்புளிகூடத் தேவையில்லை.

இந்தப் பூட்டு நியாயமா? நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. 1990களில் சில வணிகர்கள் செயலிமேல் இருந்த எண்ணை அழித்து, கூடுதல் வேகத்தை எழுதி விற்று ஏமாற்றினார்கள். பூட்டு அதைத் தடுத்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. 2010-இல் பென்டியம் ஜி6951 செயலியை வாங்கியவர், 50 டாலர் கொடுத்து ஓர் அட்டை வாங்கினால், அடைபட்டிருந்த சில திறன்கள் திறக்கப்படும் என்று இண்டெல் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய சில்லுக்குள் ஏற்கெனவே இருந்த பகுதி அது! எதிர்ப்பு எழுந்தது, 2011-இல் திட்டம் கைவிடப்பட்டது. விலைக்கேற்ற தரம் வைப்பது வணிகரின் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 'இதன் வேகத்தை ஏற்ற முடியாது' என்று பெட்டியின் மேல் தெளிவாக அச்சிடட்டுமே. ஓர் எழுத்து இல்லாததை மாணவன் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்பது முறையன்று.

பூட்டு இல்லாமலும் வேகம் ஏறவில்லையா? இப்போதுதான் இயற்பியல் வருகிறது. 5 கிகா ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் காலம் ஒரு வினாடியில் 500 கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் செல்லும்! அடுத்த துடிப்பு வருமுன் டிரான்சிஸ்டர்கள் தம் வேலையை முடிக்காவிட்டால் விடை தவறும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் அவை விரைந்து இயங்கும். ஆனால் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் அளவுக்கு ஏற்பக் கூடுகிறது. இரண்டையும் பத்து பத்து விழுக்காடு ஏற்றினால் 1.1 × 1.1 × 1.1 = 1.331, சுமார் 33 விழுக்காடு கூடுதல் திறன், அத்தனையும் வெப்பம். இண்டெல் செயலிகள் பலவும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. 4.8 என்று நீங்கள் எழுதிவைத்தும் 4.2-இல் ஓடினால் வெப்பநிலையைப் பாருங்கள். பெரிய கூலர் உதவுவது இந்த இடத்தில்தான்.

சோதிக்கும் முறை பள்ளி ஆய்வுக்கூடத்து முறையேதான். எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவந்து, நினைவகத்தின் வேகத்தையும் இறக்கிவிட்டு, பெருக்கெண்ணை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். கடுமையான வேலை கொடுத்துச் சில மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். நான்கு எண்களை ஒன்றாக மாற்றினால், தவறியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. திரையே வராமல் போனால் அஞ்ச வேண்டாம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற பாட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால், பெரும்பாலும் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

செயலி கருகிப்போகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பெரிய பயம் வேறு. ஓடுவது போலவே ஓடி, எங்கோ ஒரு பிட்டைத் தவறாக எழுதிவிடும் கணிப்பொறி ஆபத்தானது. அக்காளின் கல்லூரி ஆய்வறிக்கையும் வீட்டுப் படங்களும் அதே கணிப்பொறியில் இருந்தால், வேறு இடத்தில் நகல் எடுக்காமல் இந்தச் சோதனையில் இறங்கக் கூடாது.

இன்னொன்று. சில்லில் முன்பு இருந்த இடைவெளியை இன்று தொழிற்சாலையே பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்கிறது. இண்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சில, யாரும் வேகத்தை ஏற்றாமலே தடுமாறின. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் அவற்றைத் தேய்த்ததே காரணம் என்று கூறி, 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்ட நிறுவனம், உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆதலால் முழுதும் திறந்த செயலியிலும் சில விழுக்காடே கிடைக்கலாம். கூலருக்குச் செலவிடும் பணத்தில், சுழலும் வட்டு உள்ள பழைய கணிப்பொறிக்கு ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டால், அது எழுந்து நிற்கும் நேரம் குறைவதை வீட்டில் உள்ள அனைவரும் கண்டுகொள்வார்கள்.