பற்றும் வரவும் பொருளுணர்ந்து கற்க!

வணிகவியல் பயிலும் மாணவர் ஒருவரை அழைத்து, "கடைக்காரர் தம் கடனுக்குத் தவணை கட்டினார், கைப்பணக் கணக்கில் என்ன எழுதுவாய்?" என வினவிப் பாருங்கள். "வரவு" என்று தயங்காமல் விடை தருவார். "பணம் பெட்டியை விட்டுப் போயிற்றே, போனதை வரவு என்பது எவ்வாறு?" என அடுத்து வினவுங்கள். பெரும்பாலார் வாய் திறவார். "வருவன பற்று, செல்வன வரவு" என்னும் நெட்டுருவுக்கு அப்பால் அவர்க்கு எதுவும் உணர்த்தப்படவில்லை. குற்றம் மாணவருடையது அன்று, கற்பிக்கும் முறையினது.

விடையோ அச்சொற்களுக்குள்ளேயே இருக்கின்றது. பற்று என்பது ஒருவர் பற்றிக்கொண்டது. வரவு என்பது ஒருவரிடமிருந்து வந்தது. ஒவ்வொரு கணக்கையும் ஓர் ஆளாக எண்ணிக்கொள்க. தவணைப் பணம் கைப்பணப் பெட்டியிடமிருந்து வந்தது. ஆகலின் பெட்டியின் கணக்கில் வரவு. அதனைக் கடன் கொடுத்தவர் பற்றிக்கொண்டார். ஆகலின் அவர் கணக்கில் பற்று. கொடுப்பார் இன்றிக் கொள்வார் இல்லை. அதனாலன்றோ பற்றும் வரவும் என்றும் ஒத்து நிற்கின்றன! 1494-ஆம் ஆண்டு வெனிசு நகரில் அச்சேறிய தம் கணக்கு நூலில் இலூக்கா பச்சியோலி விளக்கிய இரட்டைப் பதிவு முறையின் உயிர்நிலை இதுவே. பருமாவிலும் மலையாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பேரேட்டையும் ஐந்தொகையையும் தமிழிலேயே எழுதினர். கணக்கிற்குத் தமிழ் போதாது என்பார் அவ்வேடுகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.

இனி, கட்டிய தவணை முழுவதையும் கடன் கொடுத்தவர் பற்றில் எழுதிவிடலாமோ? ஆகாது. அதனுள் வட்டியும் அடங்கியுள்ளது. வட்டி செலவாகலின், அதற்கெனத் தனிப் பற்று எழுதல் வேண்டும். வட்டி எவ்வளவு, கடன்முதல் எவ்வளவு எனப் பிரிக்குமிடத்தேதான் மாணவர் மீண்டும் இடறுகின்றார். அவ்விடறல் ஏட்டோடு நிற்பதில்லை, வீட்டையே தாக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் உருபா 12,000 கடன் கொள்கின்றார். "ஆண்டுக்கு 10 விழுக்காடே வட்டி, முழுத்தொகைக்கும் ஓராண்டு வட்டி உருபா 1,200, திங்களுக்கு 1,100 வீதம் 12 தவணை" என்கின்றனர். மாணவர் ஒவ்வொரு தவணையிலும் வட்டி 100, கடன்முதல் 1,000 எனப் பிரித்து எழுதுகின்றார். கூட்டுத்தொகை ஒத்துவரும், உண்மை ஒத்துவராது. ஏன்?

அப்பிரிப்பின்படியே பார்ப்போம். அவர் கையில் 12,000 உருபா முழுமையாக நின்றது முதல் திங்கள் மட்டுமே. அடுத்த திங்கள் 11,000; பின்னர் 10,000; இறுதித் திங்களில் 1,000. இப்பன்னிரண்டையும் கூட்டினால் 78,000. நிரவிப் பார்த்தால் 6,500. ஓராண்டு அவர் ஆண்ட பணம் நிரவலாக 6,500 உருபாவே. கொடுத்த வட்டியோ 1,200. இது 18 விழுக்காட்டிற்கும் சற்று மேல். எஞ்சிய இருப்பின் மேல் திங்கள்தோறும் நுட்பமாகக் கணித்தாலும் ஏறத்தாழ 18 விழுக்காடே வரும். பத்தென்று சொல்லிப் பதினெட்டு வாங்கியாயிற்று!

அந்நுட்பக் கணக்கின்படி முதல் தவணையில் வட்டி ஏறத்தாழ 180 உருபா. இறுதித் தவணையில் 16 அளவே. ஆறு தவணை கட்டியபின் கடனை முடிக்க விழைபவர், தம் ஏட்டை நம்பி நிலுவை 6,000 என்றிருப்பார். குறையும் இருப்புக் கணக்கிலோ அது 6,267 அளவில் நிற்கும். இதனை அறியாத பட்டத்தால் என்ன பயன்?

ரிசர்வு வங்கி எனப்படும் இந்திய நடுவண் வைப்பகம், 2024 ஏப்பிரலில் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. தனியாட்களுக்கும் சிறு, குறு, இடைநிலைத் தொழில்களுக்கும் தவணைக் கடன் கொடுப்போர், கட்டணங்களையும் சேர்த்துக் கணித்த ஆண்டு விழுக்காட்டைக் காட்டும் குறிப்புத்தாள் ஒன்றைத் தருதல் வேண்டும் என்பதும், அத்தாள் கடன் கொள்வார்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதும் அதன் ஆணை. அவ்வாண்டு அக்தோபர் முதல் நாளுக்குள் இது நடைமுறைக்கு வருதல் வேண்டும் என்றும் வரையறுத்தது. ஆணை நன்று. ஆயினும் கேளாதார்க்கு ஆணையால் என்ன பயன்? கடன் கொள்ளும் தமிழர் ஒவ்வொருவரும் அத்தாளைத் தமிழில் கேட்டுப் பெறுக; படித்த பின்னரே கையொப்பம் இடுக.

வணிகவியல் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு நாளேனும் பாட நூலை மூடிவையுங்கள். மெய்யான கடன்தாள்களைப் பெயர் மறைத்துக் கொணரச் செய்து, அவற்றின் உண்மை வட்டியை மாணவர் கையாலேயே கணிக்கச் செய்யுங்கள். அன்று மாலை அவர்தம் பெற்றோர்க்கும் அது பாடமாகும்.

நெட்டுருவால் தேர்வைக் கடக்கலாம்; கடனைக் கடத்தல் இயலாது.