முதலில் கத்தி, பிறகு மெஷின்

நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் பொழுதுபோக்காகத் தோலில் பர்ஸ், பெல்ட் தைக்க விரும்புகிறார்கள், வரவேற்போம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கடன் வாங்கி மெஷின் போடுவது தவறு. துணி தைக்கும் சாதாரண மெஷின் கனத்த தோலுக்கு ஈடுகொடுக்காது; தோலுக்குரிய மெஷினோ முதலை முடக்கிவிடும்.

கத்தி, குத்தூசி, மரச் சுத்தி, மெழுகு நூல், இரண்டு ஊசி போதும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் தைத்தால், ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்து நிற்கும். மெஷின் தையலில் அந்த உறுதி இல்லை.

கத்தியில் மட்டும் சிக்கனம் கூடாது. மழுங்கிய கத்தி விலையுயர்ந்த தோலை வீணாக்கும். சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் சிறிதளவு வாங்கிப் பழகட்டும். விற்று வந்த லாபத்தில் மெஷின் வரட்டும். அதுவே வணிகர் முறை.